கார்ல பாக்குற டிவிடி பிளேயர்: இன்ச்ச விடுங்க, சார்ஜர பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பண்டிகை வந்தா நம்ம பேப்பர்ல வர்ற கடை விளம்பரத்துல கையில தூக்கிட்டுப் போற டிவிடி பிளேயரும் இருக்கும், அதுல ஸ்க்ரீன் எத்தன இன்ச், கூட என்ன ஃப்ரீ, அது மட்டும்தான் போட்ருப்பாங்க. வாங்குறவங்களுக்குத் தெரிய வேண்டியது வேற. ரெண்டு பிளேயர் வாங்கி ரெண்டும் வீணாப் போயி மூணாவதா ஒண்ணு நல்லபடியா ஓடிக்கிட்டு இருக்குற வீட்லேருந்து எழுதுறேன், தயவுசெஞ்சு போடுங்க.

எங்களுக்கு காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். மெட்ராஸ்ல நாத்தனார் வீடு, 400 கிலோமீட்டருக்கு மேல, நின்னு நின்னு போனா 8 மணி நேரம் ஆயிடும். செல்லு இருக்கும்போது டிவிடி எதுக்குன்னு எல்லாரும் கேக்குறாங்க. செல்லக் குடுத்தா பெரியவன் ஒரு மூலை சின்னவ ஒரு மூலைன்னு ஆளுக்கொரு பக்கம் குனிஞ்சுக்குறாங்க, குனிஞ்சே பாத்தா சின்னவளுக்கு புதுக்கோட்டை வர்றதுக்குள்ள வாந்தி வந்துரும், மாமியாருக்கு அந்தச் சின்ன ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது. முன் சீட்டுக்குப் பின்னாடி கண்ணு மட்டத்துல ஒரு பிளேயர மாட்டுனா மூணு பேரும் நிமிந்து உக்காந்து ஒண்ணா பாக்குறாங்க. அதவிட, எங்க வீட்டு அலமாரில இருக்குறது பூராம் டிஸ்க்குதான், எங்க கல்யாணம், பெரியவன் காதுகுத்து, மாமனாரோட அறுபதாம் கல்யாணம் எல்லாம். மாமனார் இப்ப இல்ல. அவுக வளவுல, அதான் வீட்டு உள் முற்றத்துல, மாலையோட நடந்து வர்ற இடம் வந்தா மாமியார் பேச்ச நிறுத்திட்டு பாத்துக்கிட்டே இருப்பாக, திருமயம் கோட்டை போனது கூட கவனிக்க மாட்டாக. அதனால இது எங்களுக்கு வெறும் விளையாட்டுச் சாமான் இல்ல.

முதல் பிளேயர் போனது சார்ஜராலதான். கூட வந்த கார் சார்ஜர் வயர் அத்துப்போச்சு, ஒரு கடைல வேற கேட்டோம், பின் உள்ள போகுதான்னு மட்டும் பாத்துக் குடுத்தாங்க, நாங்களும் வாங்கிட்டோம். கீரனூர் தாண்டுனதும் படம் நின்னுச்சு, பிளாஸ்டிக் கருகுற வாசன, தொட்டா அடிப்பக்கம் கொதிக்குது. எங்க பிளேயருக்கு வேண்டியது 9 வோல்ட்டு, அந்த சார்ஜர் கார்ல வர்ற 12 வோல்ட்ட அப்படியே குடுக்குறது, வண்டி ஓடும்போது அது 14 கிட்ட போகுமாம். பிளேயர் உள்ள இருக்குற போர்டு போச்சு, வேற சார்ஜர் போட்டதால வாரண்டியும் இல்லன்னுட்டாங்க. பிளேயர் அடில இல்லாட்டி பின் சொருகுற ஓட்டை பக்கத்துல 9 இல்லாட்டி 12ன்னு வோல்ட்டு போட்டுருக்கும், கூடவே நடுவுல புள்ளி வச்ச வட்டம் ஒண்ணு, ஒரு பக்கம் பிளஸ் ஒரு பக்கம் மைனஸ், நடுப்புள்ளிக்குப் போற கோடு பிளஸ்ஸா மைனஸான்னு பாக்கணும், இந்த ரெண்டும் சார்ஜர்ல இருக்குறதோட ஒத்துப்போனா மட்டும் வாங்குங்க. சார்ஜர் பின்ன சொருகிட்டு லேசா ஆட்டியும் பாருங்க, கடைலயே லொடலொடன்னு ஆடுனா ரோட்டுல நிக்காது.

ரெண்டாவது சிங்கப்பூர்லேருந்து சொந்தக்காரவுக ஆசையா கொண்டாந்து குடுத்தது. நம்ம வீட்டு விசேஷ டிஸ்க்கெல்லாம் பாடுச்சு, கடைல வாங்குன சில பட டிஸ்க்க போட்டா ரீஜன் சரியில்லன்னு எழுத்து வந்து நின்னுரும். ரீஜன்னா டிஸ்க்கும் பிளேயரும் எந்த நாட்டுப் பக்கத்துக்குன்னு போடுற நம்பர், ரெண்டும் ஒத்துப்போகணும்; இந்தியாவுக்கு ரீஜன் 5, சிங்கப்பூர் மலேசியாவுக்கு 3. வீடியோக்காரர் எழுதிக் குடுக்குற டிஸ்க்குல ரீஜனே கிடையாது, அதான் அது மட்டும் ஓடுது. நம்ம பக்கம் வெளிநாட்டுல ஆள் இல்லாத வீடே கம்மி, கொண்டாரச் சொல்றவங்க எல்லா ரீஜனும் பாடுற மாதிரி கேட்டு வாங்கச் சொல்லுங்க. அந்த பிளேயரும் நெலைக்கல, பிள்ளையார்பட்டில வெயில்ல நிறுத்துன வண்டிக்குள்ள விட்டுட்டு சாமி கும்பிடப் போனோம், நாலஞ்சு தடவ அப்படியே விட்டதுல பேட்டரி உப்பி மூடி பிதுங்கிருச்சு. உப்புன பேட்டரிய திரும்ப சார்ஜ் போடவே கூடாது. இப்ப எங்க எறங்குனாலும் பைல போட்டு கையோட எடுத்துட்டுப் போறோம்.

பேட்டரி புதுசுல ரெண்டு, ரெண்டர மணி நேரம் வரும், நம்ம படம் ஒண்ணு முடியுறதுக்கே சரியா இருக்கும், அதனால கார் சார்ஜர் இல்லாம ஆகாது. ஸ்க்ரீன் பெருசுங்குறதுல மயங்காதீங்க. படம் தெரியுறதே சின்னச் சின்னப் புள்ளியாலதான், டிவிடில இருக்குற படத்துக்கு அகலத்துல 720, உயரத்துல 576 புள்ளி, மலிவு 7 இன்ச்ல 480க்கு 234தான் இருக்கும், அதே புள்ளிய 9 இன்ச்ல இழுத்துப் போட்டா மூஞ்சியெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும், 800க்கு 480 இருக்கான்னு கேளுங்க. பென் டிரைவ் போடலாம்னு சொல்லுவாங்க, ஆனா செல்லுல இருக்குற எல்லா வீடியோவும் அதுல பாடாது, உங்க பென் டிரைவ கொண்டுபோயி போட்டுப் பாருங்க.

கடைக்குப் போகும்போது வீட்லேருந்து கீறல் விழுந்த பழைய டிஸ்க் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. அது ஓடும்போது பிளேயர கைல எடுத்து வண்டி குலுங்குற மாதிரி மெதுவா ஆட்டுங்க, படம் நிக்குதான்னு தெரிஞ்சுரும். அப்புறம் வாசல்ல நிக்கிற உங்க கார்லயே ஒரு அரை மணி நேரம் இன்ஜின ஓடவிட்டு போட்டுப் பாருங்க. இதுக்கு சம்மதிக்காத கடைல வாங்காதீங்க. எங்க வீட்டுக்காரவுக மூணாவது கடைலதான் சம்மதிக்க வச்சாக. பிளேயர சீட்டுல மாட்டுற பை, தலை சாய்க்கிற ஹெட்ரெஸ்ட்டோட ரெண்டு கம்பியவும் சுத்தி இறுக்குற மாதிரி இருக்கணும், மடில வச்சிருந்தா திடீர்னு பிரேக் போடும்போது பிள்ளைக மூஞ்சிலதான் அடிக்கும். ஓட்டுறவுகளுக்கு ஸ்க்ரீன் தெரியவே கூடாது.

விளம்பரம் குடுக்குற கடைக்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா நல்லாருக்கும். வோல்ட்டு எத்தன, ஸ்க்ரீன்ல புள்ளி எத்தன, பேட்டரி தனியா கிடைக்குமா, மூணே வரிதான். வர்ற மாசத்துல முன்னோருக்குச் செய்யுற படைப்புக்கு நாத்தனார் குடும்பம் வருது, அவுகளும் ஒண்ணு வாங்கப் போறாக. எங்க சார்ஜர்ல வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி "9 வோல்ட், நடுப்புள்ளி பிளஸ்"ன்னு பேனாவுல எழுதி வச்சிருக்கேன், அவுக சார்ஜருக்கும் ஒரு துண்டு வெட்டி வச்சிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பள்ளத்தூர்.