ஸ்கூட்டர் கோட்டை வாசல்வரை, பேட்டைக்குள் நடந்தே போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம், ஓசூர், சென்னைப் பக்கமிருந்து பெங்களூருக்கு வரும் சொந்தக்காரர்களுக்குப் பழைய நகரத்தைச் சுற்றிக் காட்ட, வழிகாட்டியோடு போகும் ஸ்கூட்டர் உலா நல்ல ஏற்பாடு. பசவனகுடி, கவிபுரம், சாம்ராஜ்பேட்டை, கோட்டை, சிக்பேட்டை எல்லாவற்றையும் ஒரே காலையில் நடந்து பார்க்கப் பெரியவர்களால் முடியாது. காரில் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். ஆனால் ஐந்தாறு ஸ்கூட்டர்களை வரிசையாக நகரத்பேட்டைச் சந்துகளுக்குள் ஓட்டிக்கொண்டு போவதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். கோட்டை வரைக்கும் வண்டி, அங்கிருந்து பேட்டை எனும் பழைய கடைவீதிகளுக்குள் நடை. உலா நடத்துகிறவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

காரணம் பேட்டையின் அமைப்பிலேயே இருக்கிறது. சிக்பேட்டை, பளேபேட்டை, மாமூல்பேட்டை, தரகுபேட்டை, அக்கிபேட்டை என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தெரு என வளர்ந்த வியாபார ஊர் அது. சந்தின் இரு பக்கமும் கடை. கடைக்கு வெளியே அட்டைப் பெட்டி. மிச்சமிருக்கும் இடத்தில் கைவண்டியும் சுமை தூக்குகிறவர்களும். தலையில் ஐம்பது கிலோ மூட்டையோடு வருபவரால் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. கழுத்தும் முதுகும் நேராக இருக்க வேண்டும், அடியெடுத்து வைக்கும் வேகம் குறையக் கூடாது. குறைந்தால் சுமை முன்னால் சரியும். "சைடு, சைடு" என்று அவர் குரல் கேட்டதும் நடந்து போகிறவர் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் இருப்பவர் எங்கே ஒதுங்குவது? பின்னால் இன்னும் நான்கு வண்டி நிற்கும். நாள் முழுக்க அந்தத் தெருவில் உழைக்கிறவரின் வழியை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அடைப்பது நியாயமில்லை.

சரியான வழி இப்படி இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பசவனகுடி பெரிய நந்தி கோயில் அருகே கூடுங்கள். மொத்த விற்பனைக் கடைகளில் பலவற்றுக்கு அன்று விடுமுறை என்பதால் சரக்கு வண்டி குறைவு. ஒற்றைக் கல்லில் செதுக்கிய நந்தியைப் பார்த்துவிட்டுக் கவிபுரம் கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயில். மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி வெளியே இருக்கும் நந்தியின் கொம்புகளுக்கு இடையே புகுந்து லிங்கத்தின் மேல் விழும் கோயில் இதுதான். முற்றத்தில் நிற்கும் கல் வட்டுகளையும் பார்க்கத் தவறாதீர்கள். அங்கிருந்து சாம்ராஜ்பேட்டை வழியாகக் கோட்டை. மொத்தம் நான்கு கிலோமீட்டர் அளவில்தான் வரும். சாம்ராஜ்பேட்டை 1892-ல் திட்டமிட்டு உருவான பகுதி. பசவனகுடி 1898 பிளேக் நோய்க்குப் பிறகு வந்தது. நேர்கோட்டு மெயின் ரோடுகள், குறுக்கே கிராஸ்கள். இந்த அகலத்தில் வண்டி ஓட்டிவிட்டுப் பிறகு பேட்டைச் சந்தில் நடந்தால், நெரிசலான பேட்டையைப் பார்த்த அன்றைய அதிகாரிகள் ஏன் புதிய பகுதிகளை இப்படி வரைந்தார்கள் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

ஏழரைக்குள் கோட்டைப் பக்கம் வண்டிகளை நிறுத்திவிட வேண்டும். முதலில் பேட்டை, பிறகு கோட்டையும் திப்புவின் கோடை அரண்மனையும். அரண்மனை எட்டரைக்குத்தான் திறக்கும் என்பதால் இந்த வரிசையை மாற்றினால் வாசலில் காத்து நிற்க நேரும். நடைப் பாதை: கே.ஆர். மார்க்கெட் பூக்கடைகள், அவென்யூ ரோடு, ரைஸ் நினைவு தேவாலயம், சிக்பேட்டை சந்திப்பு, நகரத்பேட்டை, தர்மராய சுவாமி கோயில், எஸ்.ஜே.பி. ரோடு, மறுபடி கோட்டை. இரண்டரை கிலோமீட்டர் வரும்; நின்று பார்த்து நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். முட்டி வலி உள்ளவர்கள் அவென்யூ ரோட்டின் தென்முனையோடு திரும்பிவிடலாம். சிக்பேட்டைவரை நடந்து அங்கேயே களைத்துப் போனவர்கள் மெட்ரோ ஏறி ஒரே நிறுத்தத்தில் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கலாம்.

இனி வண்டி ஓட்டும் விஷயம். விருந்தினர் வண்டி நான்குக்கு மேல் வேண்டாம். முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர், ஆக ஆறு வண்டி. கடைசி ஆள் இல்லாத உலாவில் சேராதீர்கள். சிக்னலில் வரிசை அறுந்துபோனால், பின்தங்கியவர் முன்னால் போனவரைப் பிடிக்கச் சிவப்பைத் தாண்டுவார். இந்த உலாக்களில் ஆபத்து பெரும்பாலும் இங்கேதான். இதைத் தடுக்க எளிய முறை உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் முன்வழிகாட்டி கையால் ஓர் இடத்தைக் காட்டுவார். அவருக்கு அடுத்து வருபவர் அங்கே ஓரமாக நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்டுவார். கடைசி ஆள் தெரிந்ததும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் நிற்பது அடுத்தவர் முறை. இப்படிச் செய்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. புறப்படும் முன் இதை இரண்டு நிமிடம் விளக்கி, பக்கத்துத் தெருவில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுக் கிளம்பும் வழிகாட்டி தொழில் தெரிந்தவர்.

மார்க்கெட் ஓரத்தில்தான் வண்டி அதிகம் சறுக்கும். அதிகாலையில் பூ இறக்கிய இடத்தில் நசுங்கிய செண்டுமல்லி, வாழை இலை, காய்கறிக் கழிவு, கழுவிவிட்ட தண்ணீர் எல்லாம் கலந்து ரோட்டில் ஒரு வழுவழுப்புப் படலம் படிந்திருக்கும். அதன் மேல் முன்பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கவாட்டில் விழும். பலரும் "இடது பிரேக் பின்சக்கரத்துக்குத்தானே" என்று அதை அழுத்திப் பிடிக்கிறார்கள். 2019-க்குப் பிறகு வந்த 125 சிசி வரையுள்ள ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு பிரேக்கும் இணைக்கப்பட்டிருக்கும். இடது பக்கத்தை அழுத்தினால் முன்பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். ஆகவே ஈரத்துக்கு முன்பே, காய்ந்த தரையில் வேகத்தைக் குறைத்துவிட்டு, அந்தப் பத்தடியை பிரேக் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்துக் கடந்துவிட வேண்டும். சாக்கடை மூடிய கல் பலகைகளின் இடைவெளியும் இரும்புத் தட்டின் விளிம்பும் அப்படித்தான். சாய்வாக ஏறினால் டயர் வழுக்கும், நேர்க்குறுக்காக ஏறுங்கள்.

மெதுவான நெரிசலில் இன்னொரு தொல்லை. நடக்கிற வேகத்தில் போகும்போது பெட்ரோல் ஸ்கூட்டரின் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. பாதி பிடித்துப் பாதி வழுக்கிச் சூடாகும். வண்டி குலுங்க ஆரம்பித்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுவதை நிறுத்தி, முன்வண்டியோடு இரண்டு வண்டி நீளம் இடைவெளி விட்டு, ஒரே சீராக நகருங்கள். மின்சார ஸ்கூட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை, சத்தமும் இல்லை. கோயில் வாசல்களுக்கு அதுவே பொருத்தம். ஆனால் அதில் வேறோர் ஆபத்து. வண்டியை அணைக்காமல் இறங்கி நின்று ஹேண்டிலைப் பிடித்து இழுப்பவர்கள் தெரியாமலே ஆக்சிலேட்டரைத் திருகிவிடுகிறார்கள். வண்டி சத்தமில்லாமல் முன்னால் பாய்ந்துவிடும். இறங்கும் முன் சாவியை அணைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொல்லுங்கள்.

புறப்படும் முன் டயரைப் பாருங்கள். ஆக்டிவா போன்ற 110 சிசி வண்டிக்கு முன்டயரில் 22 psi, பின்டயரில் ஒருவருக்கு 29, இருவருக்கு 36 என்பது காற்றின் அளவு. வாடகை வண்டிகளில் ஒருவருக்கான காற்றோடு இருவரை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. பத்தங்குலப் பின்சக்கரம் கல் விளிம்பில் இடிக்கும்போது டயர் அமுங்கி ரிம் வளையும். வளைந்த ரிம்மில் டியூப் இல்லாத டயர் மெல்லக் காற்றிழக்கும். பஞ்சர் கடையில் ஓட்டையைத் தேடினால் கிடைக்காது. பின்சீட்டில் ஆள் உண்டா என்று காற்றடிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது வழிகாட்டியின் வேலை.

ஹெல்மெட் பின்சீட்டுக்காரருக்கும் கட்டாயம். கர்நாடகத்தில் 2016 முதல் இதுதான் சட்டம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், பட்டை பூட்டியிருக்க வேண்டும். நடைக்கு இறங்கும்போது இரண்டு ஹெல்மெட்டையும் கையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். சீட்டுக்கு அடியில் உள்ள கொக்கியில் பட்டை வளையத்தை மாட்டிச் சீட்டை மூடினால் பத்திரமாக இருக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் குழந்தை உட்கார்ந்தால் அது மூன்று பேர் கணக்கு, அபராதம் உண்டு. குழந்தையோடு வருகிறவர்கள் தனியாக ஆட்டோவில் கோட்டைக்கு வந்து நடையில் சேர்ந்துகொள்வது நல்லது.

பணம் கட்டும் முன் நம்பர் பிளேட்டைக் கவனியுங்கள். நாமே ஓட்ட வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. மின்சார வாடகை வண்டிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க இடம் கொடுத்துவிடும். சற்று மலிவாகக் கிடைக்கிறதே என்று இதில் சமரசம் செய்யாதீர்கள். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட மின்சார வண்டிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. அதனால் ஓட்டவே தெரியாதவரை அதில் ஏற்றிவிடலாம் என்று அர்த்தமில்லை.

வழிகாட்டி சொல்லும் சரித்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. "கெம்பேகௌடர் 1537-ல் ஊரை உண்டாக்கினார்" என்று தொடங்கி அதோடு முடித்துவிடுகிறார்கள். மண்கோட்டையும் பேட்டையும் அவர் கட்டியவை. ஊரின் பெயர் அதற்கும் பழையது. பேகூர் நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் கிடைத்த சுமார் 890-ஆம் ஆண்டின் பழங்கன்னடக் கல்வெட்டு பெங்களூருச் சண்டையைக் குறிப்பிடுகிறது. மடிவாளம் சோமேஸ்வரர் கோயிலின் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வெங்களூர் ஏரியின் கீழுள்ள நிலம் பற்றிப் பேச்சு வருகிறது. தமிழ் விருந்தினர்களுக்கு இதைச் சொல்லாமல் விடலாமா? இந்த மாவட்டத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1905-ல் வெளியிட்டவர் பி.எல். ரைஸ். அவருடைய தந்தையின் பெயரில் இருப்பதுதான் அவென்யூ ரோட்டுத் தேவாலயம். வாசலில் நின்று இதைச் சொன்னால் அந்தக் கட்டடத்துக்கே வேறு முகம் வந்துவிடும்.

கோட்டையிலும் அப்படியே. 1761-ல் ஹைதர் அலி கல்லால் எழுப்பிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது டெல்லி கேட் என்ற வாசலும் அதை ஒட்டிய சிறு பகுதியும்தான். 1791 மார்ச் 7-ல் ஆங்கிலேயர் முதலில் பிடித்தது பேட்டையை. கோட்டை விழுந்தது 21-ஆம் தேதி இரவு. இரண்டு வாரம் அவர்களுடைய படை இருந்த பேட்டை எது, அவர்கள் குண்டு வீசிய சுவர் எது என்பது, மார்க்கெட் பக்கமிருந்து நடந்து வந்தவர்களுக்கு உடனே பிடிபடும். வண்டியில் விரைந்து வந்தவர்களுக்கு அந்தத் தூரம் மனத்தில் பதியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நடையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்போம்.

கன்னடப் பஞ்சாங்கத்தின் சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டிய கரக விழா நாட்களில் உலாவே வேண்டாம். தர்மராய சுவாமி கோயிலில் திரௌபதியம்மனைக் கொண்டாடும் திகளர் சமூகம் தமிழ் மண்ணோடு தொடர்புடையது. நம்மவர்கள் அந்த விழாவைப் பக்தர்களாகப் போய் இரவில் பார்க்கட்டும். காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் கரகம் நின்று போவதையும் அப்போது காணலாம். வரமகாலட்சுமி, ஆயுத பூஜை முந்தைய நாட்களில் பூ மார்க்கெட் பக்கம் வண்டியோடு நெருங்கவே முடியாது என்பதால் அன்றும் தவிர்த்துவிடுங்கள்.

மாநகராட்சிக்கும் போக்குவரத்துப் போலீசாருக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்று. ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பதரை வரை, கோட்டைக்கும் அரண்மனைக்கும் இடையில் ஓரிடத்தில் இரு சக்கர வண்டிகளுக்கு மட்டும் நிறுத்தக் கோடு போட்டுத் தாருங்கள். ஒரு ஸ்கூட்டருக்கு ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம் போதும்; பன்னிரண்டு மீட்டர் ஓரமிருந்தால் இரண்டு குழுக்களின் வண்டிகள் அடங்கிவிடும். நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்பதுதான் வண்டியைப் பேட்டைக்குள் கொண்டுபோகிறவர்கள் சொல்லும் சாக்கு.

இப்படிக்கு,
பேட்டை வழிகாட்டிகளும் ஸ்கூட்டர் மெக்கானிக்குகளும் சிலர்,
சாம்ராஜ்பேட்டை, பெங்களூரு