கொடை விழாவை முழுமையாகப் பதிவு செய்யுங்கள்: கலை பண்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு கலை பண்பாட்டுத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் மாவட்டத்துச் சிற்றூர்களில் முத்தாரம்மனுக்கும் இசக்கியம்மனுக்கும் சுடலைமாடனுக்கும் நடத்தப்படும் கொடை விழாவை, அதில் பாடப்படும் வில்லுப்பாட்டையும் மகுடம் என்னும் தோற்கருவியை அடித்து ஆடப்படும் கணியான் கூத்தையும் பிரிக்காமல் ஒரே மரபாகக் கொண்டு, பொருளாக அல்லாமல் மக்கள் வழக்கில் வாழும் அருவப் பண்பாட்டு மரபாகப் பதிவு செய்ய முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இம்மடலை எழுதுகிறேன். வில்லுப்பாட்டு என்ற கலையை மட்டும் தனியே எடுத்துப் போற்றுவது போதாது. கொடை இல்லாமல் போனால் அந்தப் பாட்டின் பெரும்பகுதிக்குப் பாடப்படும் இடமே இல்லாமல் போய்விடும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ என்னும் நெற்போகத்தின் அறுவடை முடிந்து களத்து வேலை ஓய்ந்த பிறகு, பங்குனியிலும் சித்திரையிலும் பல ஊர்களில் கொடை நடைபெறுகிறது. ஆடியில் நடத்தும் ஊர்களும் உண்டு. குடும்பந்தோறும் தலைக்கட்டு வரி பிரித்து, பந்தற்கால் நாட்டி, வில்லிசைக் குழுவுக்கு முன்பணம் கொடுத்து நாள் குறித்ததுமே விழா தொடங்கிவிட்டதாக ஊர் கருதும். முதல் நாள் இரவு தெய்வத்தை அழைக்கும் குடியழைப்பு, மறுநாள் மதியக் கொடை, அன்றிரவு சாமக்கொடை என்று பூசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கு ஏற்பப் பாட்டும் நடக்கிறது. வில்லுப்பாட்டின் முதன்மைப் பாடகரான புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டிக் காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, குருவடி வணங்கி, அவையடக்கம் சொல்லிக் கதைக்குள் நுழைவார். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் அவருடன் சேரும். எதிர்ப்பக்கம் இருப்பவர் அடிகளை வாங்கிப் பாடுவார். தெய்வத்தின் பிறப்பும் வளர்ச்சியும் பாடப்படும்போது நிதானமாக நடக்கும் பாட்டு, சாமத்தில் கதையின் உச்சத்தை எட்டும்போது விரைவு கொள்ளும். பீடத்தின் முன்னே நிற்கும் சாமியாடிக்குப் பெரும்பாலும் அந்த வேளையில்தான் அருள் வரும். புலவர் தம் முன்னால் நடப்பதைக் கண்டு, ஓரிடத்தில் பாட்டை நீட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, தேவையானால் அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். எந்தப் பாடநூலிலும் இல்லாத இந்த அறிவு, மூத்த புலவரின் அருகில் பல கொடைகளுக்கு உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கிறது.

பாடப்படும் கதைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கயிலாயத்தில் பிறந்து பூலோகம் வரும் தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. மண்ணில் பிறந்து, வஞ்சகத்தாலோ அதிகாரத்தாலோ கொல்லப்பட்டு, பின்னர் வழிபடப்பட்டவர்களின் கதைகள் மற்றொரு வகை. பொன்னிறத்தாளைப் போலக் கொல்லப்பட்ட பெண்களும், திருவிதாங்கூர் அரசுரிமைப் பூசலில் மாண்ட தம்பிமாரும், போர்க்களத்தில் வீழ்ந்த இரவிக்குட்டிப் பிள்ளையும் இவ்வகையில் வருகிறார்கள். அரண்மனை எழுத்து வென்றவர்களின் பெயரைப் பெரிதும் பாடியிருக்க, தோற்றவர்களுக்கும் கொலையுண்டவர்களுக்கும் நேர்ந்ததை ஊர் தன் கோயில் முற்றத்தில் பாடி நினைவில் வைத்திருக்கிறது. முதலில் திருவிதாங்கூரிலும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த இம்மண்ணின் சமூக வரலாற்றை எழுத முனைபவர்கள் இக்கதைகளைப் புறக்கணிக்க இயலாது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் அ.கா. பெருமாள் போன்றோர் பல்லாண்டுகளாகக் களத்தில் திரட்டி வைத்திருக்கும் செய்திகள் துறையின் பணிக்கு உறுதியான அடித்தளமாக அமையும்.

வில்லுப்பாட்டு அறியப்படாத கலை அன்று. ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்து கலைவாழ்வைத் தொடங்கியவர். சுப்பு ஆறுமுகத்துக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது தமிழகமே மகிழ்ந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் விழிப்புணர்வுப் பரப்புரைகளும் இக்கலையை ஊர் ஊராகக் கொண்டு சென்றன. அந்த வளர்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மேடைக்கு உரிய வில்லுப்பாட்டு வேறு, கோயிலுக்கு உரிய வில்லுப்பாட்டு வேறு. மேடையில் அரை மணி நேரத்துக்குள் ஒரு கருத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். கோயிலில் இரவு முழுவதும் ஒரு தெய்வத்தின் வாழ்வைப் பாடி, அத்தெய்வத்தையே வரவழைக்க வேண்டும். அரசு விழாக்களில் முன்னதற்கு இடம் கிடைப்பதால் பின்னதும் நலமாக இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

உண்மை நிலை அவ்வாறில்லை. இரண்டு இரவுகளில் விரிவாகப் பாடிய கதையைச் சில மணி நேரத்தில் முடித்துத் தரும்படி விழாக் குழுவினரே கேட்கும் நிலை பல ஊர்களில் வந்துவிட்டது. வரியாகச் சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு மின்விளக்கு அலங்காரத்துக்கும் செண்டை மேளத்துக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் போன பிறகு மிஞ்சுவதே வில்லுக்கும் மகுடத்துக்கும் கிடைக்கிறது. மண்பீடம் இருந்த இடத்தில் கருங்கல் திருமேனி வைத்துக் குடமுழுக்கு நடத்திய சில கோயில்களில், கொடையை நிறுத்தி வருஷாபிஷேகம் மட்டும் போதும் என்று முடிவெடுக்கிறார்கள். வழிபாட்டை எப்படி அமைத்துக்கொள்வது என்பது அந்தந்த ஊரின் உரிமை, அதில் அரசு தலையிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தங்களிடம் இருப்பது மதிப்புமிக்க மரபு என்பதை ஊருக்கு உணர்த்தும் குரல் அரசுத் தரப்பிலிருந்து ஒருமுறையேனும் ஒலித்திருந்தால், அம்முடிவுகளில் சில வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மாவட்ட நிர்வாகம் உடனே கவனிக்கத்தக்கது அனுமதி பற்றிய சிக்கல். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியோ, 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். நோயாளிகளுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இவ்விதிகளைத் தளர்த்தும்படி நான் கேட்கமாட்டேன். கூம்பு ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே சாமக்கொடையில் பாடிவந்த கலை இது. கோயில் முற்றத்தைத் தாண்டாத அளவில் வெறும் குரலாலும் குடத்தாலும் பாட அதனால் முடியும். ஆனால் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்குரிய அதே ஐயத்தோடு கொடை இரவின் வில்லுப்பாட்டையும் பார்த்து, பத்து மணிக்குள் அனைத்தையும் முடித்துவிடச் சொல்லும்போது, நள்ளிரவில் பாடப்பட வேண்டிய பகுதி பாடப்படாமலே போகிறது. ஒலிபெருக்கியின்றி நடக்கும் சாமப் பாட்டுக்கு இவ்விதிகளுக்கு உட்பட்டு எந்த அளவில் இடமுண்டு என்று காவல் நிலையங்களுக்குத் தெளிவான வழிகாட்டுதல் ஒன்றை ஆட்சியர் அவர்கள் அனுப்பினால் பெரிய உதவியாக இருக்கும்.

அருவப் பண்பாட்டு மரபுகளைப் பாதுகாப்பதற்கான யுனெஸ்கோ உடன்படிக்கை 2003இல் ஏற்கப்பட்டது. இந்தியா 2005இல் அதில் இணைந்தது. வாய்மொழி மரபு, நிகழ்த்துகலை, சடங்கும் விழாவும், இயற்கை பற்றிய அறிவு, கைவினைத் திறன் என்று அது வகுத்துள்ள ஐந்து பிரிவுகளில் முதல் மூன்றும் கொடையில் ஒருங்கே அமைந்திருக்கின்றன. அண்டை மாநிலமான கேரளத்தின் பகவதி காவுகளில் நிகழும் சடங்கு நாடகமான முடியேற்று 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. கொல்கத்தாவின் துர்க்கா பூசை 2021இல் இடம்பெற்றது. ஊர்கூடி நடத்தும் சடங்கு நிகழ்வும் விழாவும் முழுமையாக ஏற்கப்படுவதற்கு இவையே சான்று. தமிழ்நாட்டு ஊர்க்கோயில் விழா எதுவும் இன்னும் அப்பட்டியலை எட்டவில்லை. ஒரு மரபை முன்மொழிய வேண்டுமானால் அது முதலில் நாட்டின் பதிவேட்டில் இருக்க வேண்டும், அம்மரபுக்கு உரிய மக்கள் விவரம் அறிந்து தாமே இசைவு தந்திருக்க வேண்டும், முன்மொழிவு உருவாவதிலும் அவர்களுக்குப் பங்கு இருக்க வேண்டும். எனவே சென்னையிலோ தில்லியிலோ அமர்ந்து எழுதி முடிக்கக்கூடிய பணியாக இதைக் கருதலாகாது.

பதிவுப் பணியை அகஸ்தீசுவரம், தோவாளை வட்டங்களிலிருந்து தொடங்கலாம். புலவர்களின் வீடுகளில் ஏடுகளாகவும் பழைய நோட்டுகளாகவும் இருக்கும் கதைகளை அவர்கள் வீட்டிலேயே படியெடுத்து, மூலத்தை அவர்களிடமே விட்டுவிட வேண்டும். ஒலி, ஒளிப்பதிவுகளை ஒத்திகைக் கூடத்தில் அல்லாமல் கொடை நடக்கும் இடத்திலேயே, குடியழைப்பு முதல் மறுநாள் மஞ்சள் நீராட்டு வரை இடைவெட்டின்றி எடுத்து, ஒரு படியை அந்த ஊருக்கே கொடுக்க வேண்டும். சாதிப் பெயர் வருகிறது, குருதிப் பலி வருகிறது, கொடுமை வருகிறது என்று கதையைத் திருத்தி எழுதிப் பதிய வேண்டாம். எது மனத்தை உறுத்துகிறதோ அதைக் குறிப்புரையில் விளக்கலாம். கணியான் கூத்துக் கலைஞர்கள் தொகையில் மிகவும் சுருங்கிய சமூகத்தினர். மகுடம் அடிப்போர், பெண் வேடமிட்டு ஆடுவோர், பாடும் அண்ணாவி எல்லோரிடமும் தனித்தனியே பேசி, அவர்கள் எதைப் பொதுவில் வைக்க விரும்புகிறார்கள், எதை விரும்பவில்லை என்பதைக் கேட்டறிந்தே பதிவு நடக்க வேண்டும்.

பயிற்சியில்தான் துறை அதிகம் செலவிட வேண்டும் என்று கருதுகிறேன். துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் தேவாரமும் கற்பிக்கப்படுவதைப் போல வில்லுப்பாட்டுக்கு ஒரு வகுப்பு தொடங்குவது எளிது. ஆனால் கொடைப் பாட்டு வகுப்பறையில் மட்டும் வராது. மூத்த புலவர் ஒருவரோடு இரண்டு மூன்று கொடைக் காலங்கள் உடன் சென்று குடமும் உடுக்கையும் பழகும் இளைஞருக்கும், அவருக்குக் கற்றுத்தரும் புலவருக்கும் மாத உதவித்தொகை வழங்கும் திட்டமே பொருத்தமானது. பெண் புலவர்கள் இக்கலையில் நிலைத்த பெயர் பெற்றவர்கள் என்பதால் இளம்பெண்களுக்கும் அதில் சமமான இடம் இருக்க வேண்டும். விருதும் பொன்னாடையும் பெரும்பாலும் பாடும் வலிமை குறைந்த வயதில்தான் கலைஞரைத் தேடி வருகின்றன. இந்த உதவித்தொகை பாடும் காலத்திலேயே அவர் கைக்குச் சேரும்.

அடுத்த பங்குனிக் கொடைகளுக்கு ஊர்கள் நாள் குறிக்கத் தொடங்குவதற்குள் புலவர்கள், கணியான் கூத்துக் கலைஞர்கள், சாமியாடிகள், ஊர்த் தலைவர்கள், ஆய்வாளர்கள் ஆகியோரை நாகர்கோவிலில் ஒரு கலந்தாய்வுக்கு அழைக்க வேண்டுகிறேன். அதில் உருவாகும் முன்மொழிவு வரைவு தமிழிலேயே எழுதப்பட்டு, சம்பந்தப்பட்ட ஊர்களில் படித்துக் காட்டப்பட்டு, அவர்கள் சொல்லும் திருத்தங்கள் ஏற்கப்பட்ட பின்னரே தில்லிக்கு அனுப்பப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டக் குடிமகன் ஒருவன்