பிடுங்க வேண்டிய பட்டியலில் நம் கரையின் சொந்தச் செடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் தோட்டப் பகுதியில், கண்ட இடத்தில் பிடுங்கி எறிய வேண்டிய செடிகள் என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. உண்ணிச்செடி, செண்டுடுக் பூலு என்ற களைப்புதர் ஆகியவற்றோடு 'மாத்தா பெலாண்டோக்' செடியும் அதில் இருந்தது. மற்றவற்றில் எனக்குத் தகராறு இல்லை. உண்ணிச்செடியை ஒழிக்கக் கூப்பிட்டால் சங்கோலோடு (மண்வெட்டியோடு) நானும் வருவேன். ஆனால் மாத்தா பெலாண்டோக்கைப் பிடுங்கச் சொல்வது, வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி ஐசி (அடையாள அட்டை) கேட்பது போல இருக்கிறது.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். இது ஆளுயரத்தைத் தாண்டி வளரும் புதர்; விட்டால் சிறு மரமாகவும் ஆகும். இலை தடிப்பாக, மழமழவென்று இருக்கும். கொழுந்து இளஞ்சிவப்பு. இலைக்கக்கத்திலிருந்து வெளிர் ரோஜா நிறத்தில் நட்சத்திரப் பூக்கள் கொத்தாகத் தொங்கும். காய் முதலில் சிவந்து, பழுத்ததும் கறுத்துவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை என்பதால் ஒரே கொத்தில் சிவப்பும் கறுப்பும் கலந்திருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பழத்தை நசுக்கினால் விரலில் ஊதாக் கறை. உள்ளே ஒரே ஒரு விதை.

தாவரவியலில் இதன் பெயர் ஆர்டிசியா எலிப்டிகா. இந்தியாவின் மேற்குக் கரை, இலங்கை, நம் மலாய்த் தீபகற்பம், இந்தோனேசியா என்று நியூகினி வரைக்கும் இதன் பூர்வீகம் நீள்கிறது. அலையாத்திக் காடு முடிந்து தரை தொடங்கும் ஈர விளிம்பும் கடலோரக் காட்டு நிழலும் இதற்குப் பிடித்த இடங்கள். பினாங்கில் அப்படிப்பட்ட விளிம்புகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பது பாலிக் பூலாவ் பக்கம் போய்வருபவர்களுக்குத் தெரியும். இறால் குளமும் வீடமைப்பும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பதுதான்.

கட்டுரையாளர் எங்கே தடுக்கி விழுந்தார் என்பதை ஊகிக்க முடிகிறது. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தைச் சேர்ந்த நிபுணர் குழு ஒன்று, உலகின் மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் 100 என்று 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டது. ஆர்டிசியா எலிப்டிகா அதில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் எல்லா நாட்டிலும் குற்றவாளி என்று அர்த்தமில்லை. தன் ஊரைவிட்டு எங்கோ கொண்டுபோய் நட்டதால் அங்கே அட்டகாசம் செய்கிறது என்பதுதான் விஷயம்.

இந்தச் செடிக்கு அந்தக் கெட்ட பெயர் வாங்கித் தந்த இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் புளோரிடா. சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அழகுக்காக அங்கே கொண்டுபோனார்கள். பறவைகள் பழத்தைத் தின்று காட்டுக்குள் விதைத்தன. கடும் நிழலிலும் இதன் நாற்று தாக்குப்பிடிக்கும். ஆகவே மரங்களுக்கடியில் பாய் விரித்தாற்போல் மண்டி, வேறு எதையும் முளைக்கவிடாமல் செய்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. புளோரிடாவின் ஈரமான கடலோரக் காடுகளிலேயே இதன் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தி இருக்கிறாள். அங்கே மார்ல்பெர்ரி என்பார்கள். ஆர்டிசியா எஸ்கலோனியாய்டஸ் அதன் அறிவியல் பெயர். அதுவும் பழம் கறுக்கும் புதர்தான், பறவைகளுக்கும் பிடித்தது. அதன் பூ வெள்ளை, மணமுள்ளது, கிளை நுனியில் பூக்கும். நம்முடையது இலைக்கக்கத்தில் பூக்கும். புளோரிடாக்காரர்கள் நம் செடியைப் பிடுங்கிவிட்டு மார்ல்பெர்ரியை நடச் சொல்கிறார்கள். அவர்கள் மண்ணுக்கு அது சரி. அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துப் பினாங்குக்குப் பொருத்தினால் காரியம் தலைகீழாகிவிடுகிறது. அவர்கள் வழியில் போவதென்றால் நாம் மாத்தா பெலாண்டோக்கை அல்லவா நட வேண்டும்?

ராமநாதபுரத்தில் உறவுள்ளவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். அங்கே கண்மாயெல்லாம் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம், மெக்சிகோவில் சொந்த மரம். மெக்சிகோவில் போய் அதை வேரறுக்கச் சொன்னால் சிரிப்பார்கள். நம் சிம்போ ஆயேர் புதரை எடுத்துக்கொள்ளுங்கள்: இங்கே தெருவோரத்துச் சாதாரணச் செடி, இலங்கையின் ஈரநிலங்களில் பெரிய தலைவலி. நமக்குத் தொல்லை தரும் உண்ணிச்செடியும் செண்டுடுக் பூலுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. அவையும் அதே 100இல் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலில் சேர்த்தது நியாயம்தான்.

தோட்டப் பகுதியில் ஒரு சின்னப் பிழை, இதற்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். தாமான்களிலும் (குடியிருப்புகளிலும்) கோயில்களிலும் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி நடத்துகிறவர்கள் உங்கள் பட்டியலைக் கத்தரித்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். எங்கள் குழுவிலும் வந்துவிட்டது. ஆர்வமுள்ள இளைஞர்கள் பாராங் கத்தியோடு கடலோரம் போய் நல்லெண்ணத்திலேயே இதை வெட்டிச் சாய்த்தால் யாரைக் குறை சொல்வது? பழந்தின்னிப் பறவைகளுக்கு நட்டம். வெட்டிய இடத்தில் அடுத்து முளைப்பது அநேகமாக உண்ணிச்செடியாகத்தான் இருக்கும்.

தாய்ச்செடியின் அடியில் நாற்றுகள் நிறைய முளைப்பது இங்கும் உண்டு, மறைக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் தொந்தரவாக இருந்தால் பிடுங்கிக்கொள்ளுங்கள். கரையோரக் காட்டில் கைவைக்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை. பிறந்த ஊரில் ஒரு செடியைத் தின்னும் பூச்சியும் உண்டு, பிடிக்கும் நோயும் உண்டு, இடத்துக்குப் போட்டி போடும் பக்கத்துச் செடிகளும் உண்டு. இத்தனைக்கும் நடுவில்தான் அது காலங்காலமாக வாழ்ந்து வந்திருக்கிறது.

மலாய்க் கம்பங்களில் இதன் கொழுந்தை ஊலாமாக, அதாவது பச்சைக் கீரையாகச் சாப்பிடுவார்கள். சம்பல் பெலாச்சான் இருந்தால் போதும். நெஞ்சு வலிக்கு இலையை அவித்துக் குடிக்கும் பழக்கமும் இருந்தது. நெஞ்சு வலி வந்தால் தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவ்வளவு பழகிய செடி நம் நர்சரிகளில் கண்ணில் படுவதில்லை. சீனப் பெருநாளுக்குச் சிவப்புக் காய்களோடு தொட்டியில் விற்கிறார்களே, அது இதன் உறவு. இலை ஓரம் நெளிநெளியாக இருக்கும், காய் கறுக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வளர்க்க விரும்புகிறவர்கள் கறுத்த பழத்தைப் பறித்து, சதையைக் கழுவிவிட்டு, உடனே நிழலில் ஊன்றினால் போதும். பழைய விதையை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருப்பவர்கள் ஆசையாக விதை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். அந்நாட்டின் வடபகுதிகளில் இது களைச்செடி. விமான நிலையத்தில் பிடிபட்டால் அபராதம் வேறு.

மாநகர் மன்றத்துக்கும் ஒரு வார்த்தை. கடலோர நடைபாதைகளில் எங்கிருந்தோ வந்த வேலிச்செடிகளை வரிசையாக நட்டு, மாதாமாதம் கத்தரிக்க ஆள் அனுப்புவதற்குப் பதிலாக, நிழலும் ஈரமும் உள்ள பகுதிகளிலாவது இதை வைத்துப் பார்க்கலாம்.

வரும் ஞாயிறு இந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கித் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். உள்பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரியாக வேண்டாம். பட்டியல் வந்த அதே இடத்தில், அதே அளவில் போடுங்கள். படம் தேவையென்றால் சிவப்பும் கறுப்புமாகக் காய்த்த கொத்தை நானே எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
பாலிக் பூலாவ், பினாங்கு