வருகைப் பதிவேட்டில் தெரியும் மழையும் வெயிலும்

அன்புள்ள அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பாயி, அம்மாச்சி, தாத்தாக்களுக்கும் வணக்கம்.

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. ஒன்றாம் வகுப்பில் அழுகைச் சத்தம் அடங்கிவிட்டது, புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு எல்லோரும் கொண்டு வந்து காட்டுகிறார்கள். இந்த வாரம் சாயங்காலம் பிள்ளைகள் கிளம்பிய பிறகு கடந்த நான்கு வருட வருகைப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தேன். யார் அதிகம் வரவில்லை என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பார்க்கப் பார்க்க வேறு ஒன்று கண்ணில் பட்டது. எந்த மாதம் மழை கொட்டியது, எந்த வாரம் அறுவடை, எந்தத் தெருவில் அம்மை வந்தது என்று எல்லாமே அந்தப் பக்கங்களில் இருக்கிறது. பிள்ளை வராததற்குச் சோம்பலைவிட வீட்டில் பருவம் மாறியதுதான் பெரும்பாலும் காரணம். மழையும் வெயிலும் திடீரென்று வருபவை இல்லை, வருடா வருடம் வருபவைதான். அப்படியானால் முன்கூட்டியே நீங்களும் நாங்களும் பேசி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் மேலே போய்விடும் என்று தாளிலும் அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் இப்போது வரப்போகிறது தண்ணீர். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் சில நாளில் நம் வாய்க்காலுக்கும் வந்துவிடும். 2024இல் நடந்த மாதிரி ஜூலைக் கடைசிவரை தள்ளிப் போன வருடமும் உண்டு. அந்த வருடம் குறுவை இல்லாமல் சில அப்பாக்கள் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போனதும், இரண்டு மூன்று பிள்ளைகள் ஜூலை முழுக்க ஒட்டாமல் உட்கார்ந்திருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் வந்தால் நமக்கெல்லாம் சந்தோஷம். பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிக சந்தோஷம், அதனால்தான் பயமாகவும் இருக்கிறது. போன வாரம்வரை வறண்டு கிடந்து, அதில் இறங்கி விளையாடிய அதே வாய்க்கால்தான் இப்போது கழுத்துவரை ஓடுகிறது என்பது ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியாது. தண்ணீர் வந்த அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரு குச்சியை விட்டு எவ்வளவு ஆழம், எவ்வளவு இழுப்பு என்று அவர்களே பார்க்கட்டும். "போகாதே" என்று பத்து தடவை சொல்வதைவிட அந்த ஒரு குச்சி நன்றாக வேலை செய்யும். பெரிய பிள்ளையை நம்பிச் சின்னப் பிள்ளையைக் குளத்துக்கு அனுப்பாதீர்கள். பெரிய பிள்ளை என்று நாம் சொல்வதும் ஒன்பது வயதுதான்.

நடவு, களை என்று அம்மாக்கள் விடியற்காலையிலேயே கிளம்பும் நாட்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்துகிறீர்கள். பதிவேட்டில் இது தெளிவாகத் தெரிகிறது, அதே பெயர்கள், அதே மாதங்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், கோபத்தில் சொல்லவில்லை. இரண்டு வயது முடிந்த பிள்ளையை அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள், நம் பள்ளிக்குப் பக்கத்துக் கட்டடம்தான். அக்காவும் தம்பியும் சேர்ந்தே நடந்து வரட்டும். காலைச் சாப்பாட்டுக்கும் நீங்கள் அடுப்பு மூட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவான பிறகு இங்கேயும் சூடாக உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ தயாராக இருக்கிறது. எட்டரைக்குள் வந்துவிட்டால் போதும். தலை வாரவில்லை, சட்டை அயர்ன் பண்ணவில்லை என்று தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சீப்பு என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. நம் பதிவேட்டில் அதிக ஓட்டை விழுவது இந்த இரண்டு மாதத்தில்தான்.

மழை நாளில் காலை ஆறரைக்கு எல்லா வீட்டிலும் டிவியில் ஒரே தேடல், கலெக்டர் லீவு விட்டாரா இல்லையா. லீவு விட்டால் பிள்ளைக்குக் கொண்டாட்டம், வேலைக்குப் போகிற அம்மாவுக்குத் திண்டாட்டம். பூட்டிவிட்டும் போக முடியாது, திறந்துவிட்டும் போக முடியாது. போன வருடம் ஒரு தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். லீவு அறிவித்தால் அன்றைக்கு யார் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று முன்பே பேசி வைத்துவிட்டார்கள். அந்தத் தெருப் பிள்ளைகள் மழை நாளெல்லாம் வெல்லம் போட்ட அவலும் பல்லாங்குழியுமாக இருந்துவிட்டு வந்து என்னிடம் கதை கதையாகச் சொன்னார்கள். மற்றத் தெருக்களும் இப்போதே பேசி வைத்தால் நன்றாக இருக்கும்.

லீவு விடாத மழை நாளில் பாதிப் பேர் வருவதில்லை. யூனிபார்ம் காயவில்லை என்பதுதான் முதல் காரணம். காயாவிட்டால் வீட்டுச் சட்டையில் அனுப்புங்கள், இந்தப் பள்ளியில் அதற்காக யாரும் பிள்ளையை எழுப்பி நிறுத்த மாட்டார்கள். பையில் ஒரு மாற்று டவுசரும் ஒரு துண்டும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துவிடுங்கள். ஈரத்தோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தொந்தரவு.

காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நல்ல தண்ணீரில், நம் வீட்டுத் தொட்டியில், டயரில், கொட்டாங்கச்சியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டில் வளர்கிறது. கடிப்பதும் பெரும்பாலும் பகலில். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் முட்டை தொட்டியின் உள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை தேங்காய் நாரால் உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். மழைக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடமே இதுதான், எழுத்து வேலை கிடையாது. வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய இடங்களை எண்ணிக்கொண்டு வந்து சொல்வது பிள்ளையின் வேலை, தேய்ப்பது உங்கள் வேலை. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர மெடிக்கலில் வேறு வலி மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். இன்னொன்று, காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் நிம்மதி ஆகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்குவில் கவனமாக இருக்க வேண்டிய நாள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு போவது, இதில் ஒன்று தெரிந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள்.

சளிக்குக் கற்பூரவல்லியும் தூதுவளை ரசமும் கொடுங்கள், எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் சின்னப் பிள்ளைக்குக் கொதிக்கிற பாத்திரத்தை முன்னால் வைத்துப் போர்வை போட்டு ஆவி பிடிக்க வேண்டாம். பிள்ளை ஒரு தடவை காலை உதறினால் தண்ணீர் மடியில் கவிழும். அப்படி ஏதாவது சுட்டுக்கொண்டால், தீபாவளி மத்தாப்பு பட்டாலும் இதேதான், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், பேனா மை, மாவு எதுவும் தடவாதீர்கள். மை தடவிய கையோடு வந்த ஒரு பிள்ளைக்கு அதைத் துடைத்தெடுக்கும்போது பட்ட வலியைப் பார்த்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வயலில் தண்ணீர் நிற்கும் காலத்தில் பாம்பு மேட்டைத் தேடி வரும். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியாது, வலியும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, கண் இமை சொக்கினால், முழுங்க முடியவில்லை என்றால், அஜீரணம் என்று விட்டுவிடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். கட்டுப் போடுவதும் கீறிவிடுவதும் மந்திரிப்பதும் நேரத்தைத்தான் தின்னும். மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கொசுவலையைக் கட்டி ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் கொசுவுக்கும் ஆச்சு, பாம்புக்கும் ஆச்சு.

மழையைப் பற்றி இன்னும் ஒன்று. 2018 நவம்பர் 16 கஜா புயலை நாம் யாரும் மறக்கவில்லை. தென்னை விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அவர்களும் காற்று பலமாக அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் வந்து ஒளிகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அது நம் முகத்தைப் பார்த்து வந்த பயம். பயப்படக் கூடாது என்று சொல்ல மாட்டேன், நானும் பயப்படுகிறேன். காற்று வந்தால் நாம் என்ன செய்வோம், எங்கே போய் உட்காருவோம், டார்ச் எங்கே இருக்கிறது, ரேஷன் கார்டு எந்தக் கவரில் இருக்கிறது என்று பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு ஒரு நாள் பேசுங்கள். டார்ச்சைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்களிடமே கொடுங்கள். ஒரு வேலை கையில் இருந்தால் பிள்ளைகளின் பயம் பாதியாகிவிடுகிறது, வகுப்பில் நான் பார்த்திருக்கிறேன்.

மார்கழியில் பெரிய சிக்கல் இல்லை. பனியில் எழுந்திருக்க அடம்பிடிப்பார்கள், அவ்வளவுதான். ராத்திரி ஒன்பதுக்குள் செல்போனை வாங்கி வைத்துவிட்டால் காலையில் பாதிச் சண்டை குறையும். பனிமூட்டத்தில் மெயின் ரோட்டைத் தாண்டி வரும் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் வரட்டும். கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார வைத்துப் புள்ளி எண்ணச் சொல்லுங்கள். ஏழில் ஆரம்பித்து ஒன்றில் முடியும் புள்ளிக் கோலத்தைவிட நல்ல கணக்குப் பாடம் என்னிடம் இல்லை.

தை, மாசியில் சம்பா அறுவடை. மெஷின் வயலில் இறங்கும்போது பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள், ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது, வரப்பிலேயே நிறுத்திவையுங்கள். ஆனால் அந்த மாதத்தில் என் மனதில் நிற்பது வேறு. இரண்டாம் வகுப்பில் "என் அப்பா" என்று மூன்று வரி எழுதச் சொன்னோம். ஒரு பையன் எழுதியிருந்தான்: "என் அப்பா நெல்லோடு தூங்குகிறார். வீட்டில் தூங்கவில்லை. நான் கதவுப் பக்கம் படுக்கிறேன்." அவன் அப்பா கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட முறை வரும்வரை நெல்லைக் காத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் அங்கேயே படுத்திருந்தார். மழைத் தூறல் வந்தால் தார்ப்பாயை இழுத்துவிட ஆள் வேண்டுமே. அந்தப் பன்னிரண்டு நாளும் அவன் வகுப்பில் சரியாகப் பேசவில்லை, ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாள் மதியம் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் அப்பாவைக் காட்டிவிட்டு வந்திருப்போம், அரை கிலோமீட்டர்தான். எழுதியதைப் பார்த்த பிறகு அவனுடைய அம்மாவிடம் பேசினேன். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு கொண்டு போகும்போது அவனையும் கூட்டிப் போனார்கள். தூக்குச் சட்டியை அவன்தான் தூக்கிக்கொண்டு போனான்.

பங்குனி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்க இங்கே மணி அடிக்கிறோம். வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலும், முடிந்தால் நீர்மோரும் கொடுத்துவிடுங்கள். சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று கேளுங்கள், பிள்ளைகள் வெட்கப்படாமல் சொல்வார்கள். அந்தச் சமயத்தில்தான் அம்மையும் வரும். வேப்பிலை கட்டுங்கள், வீட்டு வழக்கப்படி செய்யுங்கள், நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை. கூடவே டாக்டரிடமும் காட்டுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பினால் போதும், விட்டுப்போன பாடத்தை நாங்கள் சொல்லிக் கொடுத்துவிடுவோம். அம்மை என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொன்னால் ஏதாவது நினைப்பார்களோ என்று இரண்டு வீட்டில் மறைத்ததில் ஒரு வகுப்பே படுத்துவிட்டது. வகுப்பில் கர்ப்பமாக இருக்கும் டீச்சர் இருந்தால் அவர்களுக்கும் அது ஆபத்து.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னத் தாள் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு போன் நம்பர், மழை லீவு அன்றைக்குப் பிள்ளை யார் வீட்டில் இருக்கும், வருடத்தில் உங்கள் வீட்டில் வேலை அதிகமாகிற மாதங்கள் எவை, அந்த மாதங்களில் அப்பாவோ அம்மாவோ வெளியூரில் இருப்பார்களா என்று மட்டும் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். வேறு யாருக்கும் காட்ட மாட்டோம், வகுப்பு டீச்சரும் நானும்தான் பார்ப்போம். எழுதத் தெரியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம், பிள்ளையை விட வரும்போது பள்ளி கேட் பக்கம் நின்று சொன்னால் நானே எழுதிக்கொள்கிறேன். காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான் நிற்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி