முதுநிலை க்யூட் தேர்வுக்குத் தமிழில் வினாத்தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. சேர விரும்பும் மாணவர்கள், 2022 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட முதுநிலை க்யூட் எனும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டியுள்ளது. இளநிலைச் சேர்க்கைக்கான க்யூட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். முதுநிலைத் தேர்விலோ, மொழிப் பாடங்கள் போன்ற சிலவற்றைத் தவிர்த்து, வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகிறது. இரண்டையும் நடத்துவது தேசிய தேர்வு முகமைதான். பிளஸ் 2 முடித்தவரிடம் தமிழில் கேள்வி கேட்க முடிந்த அமைப்புக்கு, அவரே மூன்றாண்டுகள் தமிழ் வழியில் வரலாறோ பொருளியலோ படித்துப் பட்டம் பெறும் வேளையில் அது ஏன் இயலாமல் போகிறது என்பது விளங்கவில்லை.

அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் வழிப் பிரிவில் சேர்வோரை ஆங்கிலம் வராததால் ஒதுங்கியவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010 முதல் நடைமுறையில் உள்ளது; அதைக் கருதியே தமிழ் வழியைத் தேர்ந்தெடுக்கும் நல்ல மாணவர்களை என் பணிக்காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழிலேயே விடை எழுத மத்திய தேர்வாணையம் அனுமதிக்கிறது. மாவட்ட ஆட்சியராவதற்குப் போதுமான தமிழ், எம்.ஏ. வகுப்பில் நுழைவதற்குப் போதாதாம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் தேர்வும் ஆங்கிலத்தில் இருப்பதே முறை என்று சிலர் கூறுவர். அப்படியானால் இந்தியில் வினாத்தாள் தருவதற்கும் நியாயம் இல்லை; திருவாரூரில் எம்.ஏ. வரலாறோ பொருளியலோ இந்தியில் கற்பிக்கப்படுவதில்லை. இந்தி வழி மாணவர் தம் மொழியில் தேர்வெழுதி உள்ளே வந்து, இரண்டாண்டுகளில் ஆங்கிலத்தில் தேறிக்கொள்வார் என்று நம்புகிறவர்கள், தமிழ் வழி மாணவரையும் அவ்வாறே நம்புவதுதான் நேர்மை.

தேர்வின் அமைப்பு இந்த வேறுபாட்டை மேலும் பெரிதாக்குகிறது. 90 நிமிடங்களில் 75 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு. அதாவது ஒரு வினாவுக்குக் கிடைப்பது 72 வினாடிகள். பொருத்துக, கால வரிசைப்படுத்துக, கூற்றும் காரணமும் என வரும் நீண்ட வினாக்களை வாசித்துப் புரிந்துகொள்ளவே பாதி நேரம் போய்விடும் மாணவரிடம், கார்ன்வாலிஸின் 1793 ஆம் ஆண்டு நிலவரித் திட்டம் குறித்தும் மன்றோ சென்னை மாகாணத்தில் பரவலாக்கிய ரயத்துவாரி முறை குறித்தும் எவ்வளவு அறிவு இருந்தாலும், அது மதிப்பெண்ணாக மாறுவதில்லை.

தகுதி பெற்றவர் தம் இளநிலைப் பாடத்துக்கு வெளியிலும் முதுநிலை படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024 இல் வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு கூறுகிறது. வரவேற்கத்தக்க மாற்றம்தான், ஆனால் அதற்கும் நுழைவுத் தேர்வே வாசல் என்பதால், தமிழ் வழி மாணவருக்கு அதன் பயன் முழுதாகக் கிட்டாது.

க்யூட் தேர்வே கூடாது என்று தமிழ்நாடு சட்டப்பேரவை 2022 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியதை அறிவேன். அதில் எனக்கும் உடன்பாடே. எனினும் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது, நம் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். எனவே வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் ஆகிய பாடங்களிலாவது ஆங்கிலத்துடன் தமிழும் இடம்பெறும் வினாத்தாளை வழங்குமாறு மாநில அரசும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தேர்வு முகமையை வலியுறுத்த வேண்டும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தேர்வுக்கான விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே தொடங்கி, தேர்வும் மார்ச் மாதத்தில் நடந்துவிடுகிறது. இறுதிப் பருவத் தேர்வு முடிவு வந்த பிறகே எம்.ஏ. பற்றி யோசிக்கத் தொடங்கும் நம் மாணவர்களுக்கு அது காலங்கடந்த செய்தியாகிவிடுகிறது. ஐந்தாம் பருவத்திலேயே துறைத் தலைவர்கள் இதை வகுப்பில் அறிவித்து, முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கொண்டு வாரம் ஒரு மணி நேரம் பயிற்சி அளிக்கலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
தஞ்சாவூர்.