மதிப்பீடு வேறு, மட்டுக்கட்டுவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னி வயல்களில் வெள்ளமோ அறக்கொட்டிப் பூச்சியோ புகுந்தால் மறுநாளே ‘சேத மதிப்பீடு’ என்று ஒரு தொகை அச்சில் வந்துவிடுகிறது. வரம்பில் நின்று பார்த்துச் சொன்னதா, அறுத்து நிறுத்ததா என்று அந்தச் சொல்லைக் கொண்டு அறிய வழியில்லை.

முறையிடுவது முறையீடு ஆவதுபோல மதிப்பிடுவது மதிப்பீடு. மதிப்பை ஒரு பொருளின்மேல் இடும் செயல் அது. அளவு தெரிந்த பிறகே இட முடியும். கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு எங்களிடம் ‘மட்டுக்கட்டுதல்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அதை எழுத ஏன் கூச்சம்?

விளைச்சலை அளப்பது கடினமல்ல. நாலு தடியால் ஒரு மீற்றர் சதுரம் கட்டி, வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை ஐந்து இடத்தில் வைத்து அறுக்க வேண்டும். வரம்போரத்தை விட்டுவிட வேண்டும். அங்கே பயிர் நடுவயலைப்போல இராது. நல்ல கதிரைத் தேடிப் போய்ச் சதுரத்தை வைப்பதுதான் வழக்கமான பிழை. அடித்து, சப்பி (பதர்) தூற்றி, நிறுத்துச் சராசரி எடுத்து, ஓர் ஏக்கரில் உள்ள சதுர மீற்றர் எண்ணான 4047 ஆல் பெருக்கினால் ஏக்கர்க் கணக்கு வரும். சதுரத்துக்கு 500 கிராம் என்றால் ஏக்கருக்கு 2023 கிலோ.

அது ஈர நெல். ஈரப்பதன் 20 வீதமாக இருந்தால் 80 ஆல் பெருக்கி 86 ஆல் வகுக்க வேண்டும்; 14 வீதத்துக்குக் காய்ந்த நெல் 1882 கிலோதான். புசலுக்கு 20.9 கிலோப்படி சுமார் 90 புசல். காய்ச்சல் கணக்கை விட்டால் 97 என்று வரும். அந்த ஏழு புசல் களத்தில் நீராகப் போகிறது, காகிதத்தில் மட்டும் நிற்கிறது. விதைத்த ஏக்கரில் வரம்பையும் வாய்க்காலையும் கழிக்காவிட்டால் தொகை இன்னும் ஊதும்.

இதற்குப் பிறகுதான் விலை. ஈர நெல் விலையைக் காய்ந்த நெல்லின் நிறையோடு பெருக்கக் கூடாது. கதிர் வெளிவருமுன், குடலைப் பருவத்தில் அழிந்த பயிருக்கு வெட்டு மெசின் கூலி செலவாகியிராது. முழு விளைச்சலின் பெறுமதியை இழப்பு என்று போடுபவர் அந்தக் கூலியைக் கழிக்க வேண்டும். கழிக்காத தொகையை அதிகாரிகள் வெட்டும்போது, உண்மையாக இழந்த கமக்காரனின் கணக்கிலும் சந்தேகம் விழுகிறது.

ஆகவே உங்கள் செய்தியாளர்கள் அறுத்து நிறுக்காத தொகைக்கு ‘மட்டுக்கட்டியது’ என்றே எழுதட்டும். மதிப்பீடு என்று எழுதினால் எந்த நாள் விலை, எத்தனை வீத ஈரப்பதன் என்பதையும் பக்கத்தில் போடட்டும்.

கமக்காரர் சிலர்,
பரந்தன்.