எத்தனை பவுண்டு? காற்று நிரப்பும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

வண்டி வந்து நின்றதும் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டே "எத்தனை வைக்க?" என்று கேட்கிறீர்கள். ஓட்டுநர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறார். நான்கு சக்கரத்துக்கும் அதே எண். காலியாக ஓடும் காரில் இது பெரும்பாலும் தப்பிவிடும். ஐந்து பேரும் மூட்டைமுடிச்சும் ஏறி, பின்னால் ட்ரெய்லரும் மாட்டியிருந்தால் தப்பாது. அதனால் உங்கள் முதல் கேள்வி "என்ன பாரம், எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று இருக்கட்டும்.

எண் வண்டியிலேயே ஒட்டியிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர். அங்கே இல்லையென்றால் பெட்ரோல் மூடியின் உட்புறம் பாருங்கள். பல வண்டிகளில் சாதாரண பாரத்துக்கு ஒன்று, முழுப் பாரத்துக்கு ஒன்று என இரண்டு வரிசை இருக்கும். நான்கிலும் 33 பவுண்டு (psi) காற்றழுத்தம் என்று இருந்தது, முழுப் பாரத்தில் முன்னே 35, பின்னே 41 என்று ஆகலாம். டயரின் பக்கச்சுவரில் அச்சடித்த எண்ணைப் பார்த்து நிரப்பாதீர்கள். அது டயர் தாங்கும் உச்சம். வண்டி கேட்கும் அளவு ஸ்டிக்கரில்தான்.

பின்சக்கரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கூடுகிறது? ட்ரெய்லர் மாட்டும் கொக்கியில் 75 கிலோ அமர்ந்தால் பின் அச்சில் 75 கிலோதான் ஏறும் என்று நினைப்போம். கொக்கி அச்சுக்கும் பின்னால் இருப்பதால் அது நெம்புகோல். முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.6 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1 மீட்டர் என்றால், 75 × 3.6 ÷ 2.6: பின் அச்சில் ஏறுவது 104 கிலோ. முன் அச்சு 29 கிலோ லேசாகிறது. டிக்கியில் வைத்த சாமான் இதற்கு மேல்.

சந்தேகம் வந்தால் எடைமேடையில் பின் அச்சை மட்டும் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 1160 கிலோ காட்டினால் டயருக்கு 580. பக்கச்சுவரில் அளவு எண்ணுக்குப் பின் 91 என்று போட்டிருக்கும் சாதாரண டயர் 615 கிலோ தாங்கும். ஆனால் 36 பவுண்டு, அதாவது 2.5 பார் காற்று இருந்தால்தான். 28 பவுண்டில் அதே டயருக்குச் சுமார் 500 கிலோதான் கணக்கு. மீதி 80 கிலோவைப் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சுமக்கிறது. அந்த மடிப்பில் சூடு ஏறி, பட்டன் அடுக்கு (சாலையைத் தொடும் மேல் ரப்பர்) உள்ளிருந்து பிரியத் தொடங்கும். வெடித்த பிறகு பழி சாலை மேல் விழும். பின் டயர் தளர்ந்திருந்தால் ட்ரெய்லர் வால் ஆட்டுவதும் கூடும்.

ஸ்டிக்கர் எண் குளிர்ந்த டயருக்கானது: வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்க வேண்டும். தூரம் ஓடி வந்த டயர் 4, 5 பவுண்டு கூடக் காட்டும். "அதிகமா இருக்கு" என்று அதைத் திறந்துவிடுவதுதான் நாங்கள் பார்க்கும் மிகக் கெட்ட பழக்கம். சூட்டிலேயே நிரப்ப வேண்டிவந்தால் ஸ்டிக்கர் எண்ணுக்கு மேல் 4 பவுண்டு வையுங்கள். மறுநாள் காலையில் சரிபார்க்கட்டும். கீழே விழுந்து அடிபட்ட காற்று கேஜையும் அவ்வப்போது இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்.

டேஷ்போர்டில் காற்றுக் குறைவைக் காட்டும் விளக்கு எரியவில்லையே என்பார்கள். அந்த விளக்கு பொதுவாக 20 முதல் 25 சதவீதம் வரை குறைந்த பிறகுதான் எரியும். அதுவும் 33-ஐ வைத்துக் கணக்கிட்டால், 41 வேண்டிய டயர் 27-க்கு இறங்கும்வரைகூட விளக்கு பேசாமல் இருக்கலாம்.

ட்ரெய்லரின் டயர்களுக்குத் தனி எண். இழுக்கும் வண்டியின் எண்ணை அதில் போடாதீர்கள். லாரியில் இரட்டை டயர் என்றால் உள் டயரை விடாதீர்கள், கை எட்டாது என்பதற்காகப் பலரும் விடுவது அதைத்தான். அது இளைத்தால் வெளி டயர் இருவர் சுமையைத் தூக்கும். வேண்டியதில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ காற்றோடு ஓடிய லாரி டயரை அப்படியே நிரப்பக் கூடாது. கழற்றி உட்புறம் பார்த்த பிறகுதான்.

பாரம் இறக்கியதும் பழைய எண்ணுக்குக் குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பட்டன் நடுவில் மட்டும் தேயும், பின்பக்கம் துள்ளும்.

மற்ற சக்கரங்களின் அதே அளவுள்ள ஸ்டெப்னியை மட்டும் எப்போதும் முழுப் பாரத்தின் பின்சக்கர எண்ணுக்கே நிரப்பி அனுப்புங்கள். மாட்டிய பிறகு காற்றை இறக்க ஒரு குச்சி போதும். ஏற்ற, நடுவழியில் உங்கள் குழாய் இருக்காது.

இப்படிக்கு,
டயர் வேலை செய்யும் சிலர்